பஞ்சு எடுத்த டப்பா

இங்கிலாந்தில், லெஸ்டர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை டப்பாவை வாங்கியதும் என் நகம் தானாக லேபிளைச் சுரண்டும். முதல் முறை அங்கிருந்த பெண் பதறிப்போய், "பெயரைத் தவறாக அடித்துவிட்டோமா?" என்று வேறொன்று ஒட்டித் தந்தாள். அதையும் சுரண்டினேன். பெயர் சரியாக இருப்பதுதான் என் பிரச்சினை என்று இங்கிலீஷில் சொல்ல வரவில்லை.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. என் கணவர் செல்வத்துக்கும் இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்; சர்க்கரை வந்தவரிடம் யாரும் அப்படி விசாரணை வைப்பதில்லை.

ஊரில் இருந்தபோது என்னைப் போன்றவர்கள் மாதம் ஒருநாள் விருதுநகர் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு வரிசையில் நிற்போம். வாங்கியதும் லேபிளைக் கிழித்து, மாத்திரை குலுங்காதபடி டப்பாவில் பஞ்சை அடைத்த பிறகுதான் வெளியே வருவோம். வரிசையில் பார்த்தவரை பஸ்ஸில் பார்த்தால் தெரியாதவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. செல்வம் அப்போது சிவகாசி அச்சகத்தில் வேலை பார்த்தார். தன் டப்பாவில் பூச்சட்டிப் பட்டாசு லேபிளை ஒட்டி வைத்திருந்தார். வரிசையில் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அன்று சாத்தூர் பஸ்ஸில் அவர் நேராக என்னிடம் வந்து, "என்னையத் தெரியலையா? வரிசையில எனக்கு முன்னாடிதான நின்னீக" என்றார்.

"தெரியுது. சத்தம் போடாதீக" என்றேன். எனக்கு உயிரே போய்விட்டது.

அடுத்த மாதம் எனக்கும் ஒரு லேபிள் கொண்டுவந்தார். பிறகு தினமும் எட்டு மணிக்கு மாத்திரை போட்டதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். எங்கள் காதலில் பாதி அதுதான். ஒருநாள் கால் வரவில்லை. அழுது தீர்த்தேன். போனில் சார்ஜ் இல்லையாம். இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று அன்றைக்கே முடிவுசெய்தேன். அவர் அம்மாவிடம், அதாவது என் அத்தையிடம், பஸ்ஸில் பழக்கம் என்று மட்டும் சொன்னோம்.

முதியோர் இல்ல வேலைக்காக இங்கே வந்து நான்கு வருடம். இப்போது டப்பா சமையலறை அலமாரியில் என் பெயரோடு நிற்கிறது. வருகிற யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அது நிம்மதிதான். ஆனால் அத்தை அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது செல்வம் பஞ்சையும் பழைய பூச்சட்டி லேபிள்களையும் எடுத்து வைத்தார்.

"எனக்கு வேணாம். அத்தைகிட்டச் சொல்லப் போறேன்."

"அம்மா தனித்தட்டு வச்சுட்டா?"

"வச்சா அதுலயே சாப்பிடுவேன். மறுநாளும் அங்கனதான் உக்காருவேன். உங்க விசயத்த நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். ஆனா பட்டாசு லேபிளோட பிளேன்ல ஏறுனீகன்னா போலீஸ்தான் வரும்."

"இறங்கி ஒட்டிக்கிடுதேன்" என்று தன் டப்பாவில் பஞ்சை மட்டும் அடைத்தார். எனக்கும் பயம்தான். ஆனால் இனிமேல் என்னால் மறைக்க முடியாது.

இதை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் கைப்பெட்டியை உருட்டிவந்தபோது என் மாத்திரைகள் தெருவெல்லாம் கலகலவென்று குலுங்கின. பாதி வழியில் அவர் நின்று, பெட்டியைத் திறந்து, தன் டப்பாவிலிருந்த பஞ்சை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். அதன்பிறகு இரண்டும் சேர்ந்து சத்தம் போட்டன. பூச்சட்டி லேபிள் மட்டும் இன்னும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. மதுரையில் இறங்கும்வரை அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை.