எக்ஸ்ரே வண்டியும் அக்காவின் தாலியும்

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவுக்கு எக்ஸ்ரே வண்டி வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். காசநோய் இருக்கிறதா என்று இலவசமாகப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த வெளிச்சம் பட்டால் ரத்தம் சுண்டிவிடும் என்றார் தேத்தண்ணிக் கடைக்காரர். சேலைக்குள் இருப்பதெல்லாம் தெரியுமாம் என்று பெண்கள் முகம் சுளித்தார்கள். புது மின்விசிறிக்குச் சந்தனப் பொட்டு வைத்து வரவேற்றவர்கள்தான் இவர்கள். நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்கும் இயந்திரம் என்றதும் நடுங்கிவிட்டார்கள்.

அக்காவுக்கு ரொம்ப நாளாக இருமல். கல்யாணமாகாமல் அவள் வீட்டோடு இருந்த நான்தான் நச்சரித்து அழைத்துப் போனேன். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று வண்டியில் சொன்னார்கள். கட்டியவர் உயிரோடு இருக்கத் தாலியைக் கழற்றுவதா? அக்கா தாலிச் சங்கிலியை முதுகுப் பக்கம் திருப்பி, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு நின்றுவிட்டாள். நெஞ்சில் இல்லையென்றால் போதும் என்பது அவள் கணக்கு. அந்தக் கதிருக்கு முன் என்ன, பின் என்ன?

சில நாளில் நர்ஸ் வீடு தேடி வந்தார். படத்தில் தாலி விழுந்து நுரையீரலை மறைத்திருக்கிறது, கழற்றிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும் என்றார். ஒரு துண்டு மஞ்சளைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள், அதுவும் தாலிதான் என்று நான் சொன்னேன். அக்கா அரை மனதாகத் தலையாட்டினாள்.

அதற்குள் துறைமுகத்தில் மூட்டை சரிந்து அத்தானின் கால் எலும்பு முறிந்தது. அவருடைய அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

"தாலியப் பின்னால தள்ளுனதுக்கே என் மகன் கால் போச்சு. கழட்டுனா என்ன ஆகும்னு நீயே யோசிச்சுப் பாரு," என்றார் அக்காவிடம்.

ஆத்திரத்தில் நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அத்தான் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு சுவரையே பார்த்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா போயிருப்பாள்.

"விடுடி. அவரு எந்திரிச்சு நடக்கட்டும், அப்புறம் போறேன்," என்றாள் அக்கா.

மருந்து இல்லாத காலமல்ல அது. ஊசியும் மாத்திரையுமாகக் குணமாகித் திரும்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

அத்தான் எழுந்து நடந்தபோது அக்காவால் உட்காரக்கூட முடியவில்லை. இருமலில் ரத்தம் வந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

கூறைப்புடவை கட்டி அவளைக் கிடத்தியிருந்தார்கள். தெருப் பெண்கள் வரிசையாக வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சுமங்கலியாகப் போன புண்ணியவதி என்றார்கள். அத்தானின் அம்மா அழுதுகொண்டே குங்குமச் சிமிழை என்னிடம் நீட்டினார்.

"வச்சுக்கம்மா. அவளுக்குக் கெடச்ச குடுப்பினை உனக்கும் கெடைக்கட்டும்."

மனமார வாழ்த்தினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.