நான் எண்ணிய ஒன்பது

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுங்கைப் பட்டாணியில் செல்வி வீட்டில் சாப்பாடு. செல்வி என் நண்பன் மருதையின் மகள். தமிழ்ப் பள்ளி ஆசிரியை. மீன் கறி பிரமாதம். சாப்பிட்ட கையோடு, வீடியோ கடையில் எடுத்து வந்த கேசட்டைப் போட்டாள். பாக்ஸிங் படம். மருதைக்கு வேறு எந்தப் படமும் ஆகாது. காதல், பாட்டு என்று வந்தால் நாற்காலியிலேயே குறட்டை விடுவான்.

படம் முடிந்ததும் செல்வி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, நீங்கதான் வாரா வாரம் பேப்பர்ல எதை எதையோ எழுதுறீங்களே... உங்களுக்குப் பிடிச்ச பாக்ஸிங் படம் எதெல்லாம்னு ஒரு லிஸ்ட் போடுங்கலா. ஏன் பிடிக்கும்னும் எழுதுங்க."

சுலபமான கேள்விதானே? அப்படி நினைத்துத்தான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்து நாலு நாளாகிறது. ஒரே குழப்பம்.

பாக்ஸிங் படம் ஏன் பிடிக்கிறது என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான். ஏழை ஹீரோ. விடிகாலையில் ஓடுகிறான். பச்சை முட்டை குடிக்கிறான். மனைவி 'வேண்டாம்' என்று அழுகிறாள். கடைசியில் முகமெல்லாம் வீங்கி ஜெயிக்கிறான். நாமும் நாற்காலியைவிட்டு எழுந்து கை தட்டுகிறோம்... சரிதான். ஆனால் நான் அதையெல்லாம் பார்ப்பதே இல்லையே!

நான் ரெஃப்ரீயைப் பார்ப்பேன்.

ஆமாம், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கறுப்பு 'போ' டையும் கட்டிக்கொண்டு நடுவில் நிற்பாரே, அவரைத்தான். அவருக்கு வசனம் கிடையாது, பாட்டு கிடையாது, குடும்பம் கிடையாது. ஒருவன் விழுந்ததும் குனிந்து எண்ணுகிறார் பாருங்கள் — ஒன்று, இரண்டு, மூன்று... என்னைக் கேட்டால் பாக்ஸிங் படம் என்பது அந்தப் பத்து விநாடிதான். மற்ற இரண்டு மணி நேரமும் அதற்கு முன்னுரை. விழுந்தவனோடு சேர்ந்து நம் நெஞ்சும் எண்ண ஆரம்பித்தால் அது நல்ல படம். கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றினால் மட்டமான படம்.

சிரிக்காதீர்கள். நானும் ஒரு தடவை ரெஃப்ரீயாக இருந்தவன்.

ஜப்பான்காரன் காலம். கூலிம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. வெள்ளைக்கார துரை ஓடிப்போயிருந்தார். பால் வெட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது. எங்கு பார்த்தாலும் மரவள்ளிக்கிழங்கு. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு. துணி இல்லாமல் கோணிச் சாக்கைத் தைத்துக் கட்டினார்கள். சயாமில் ரயில் பாதை போட இரண்டு தடவை லாரி வந்து ஆள் பிடித்துப் போயிருந்தது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பான்காரர்களுடைய ஏதோ ஒரு விழா வந்தது. ஜப்பான் அதிகாரிக்கு பாக்ஸிங் பார்க்க ஆசை. தோட்டத்தில் நல்ல உடம்பு இருந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவன் மருதை. இன்னொருவன் அந்தோணி. இரண்டு பேரும் பால் மரம் வெட்டியவர்கள், பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே சுருட்டை மாற்றி மாற்றிப் பிடிப்பவர்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும். இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு பாக்ஸிங்கும் தெரிந்திருக்கும் என்று என்னை ரெஃப்ரீ ஆக்கிவிட்டார்கள். என்ன கணக்கோ!

மொழிபெயர்ப்பாளர் வந்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். இந்த இரண்டு பேரில் ஒருவன் தோட்டத்துக் கிடங்குக்குக் காவலாக இருப்பான். மற்றவன் சயாமுக்குப் போவான்.

ஜெயிப்பவன் இருப்பானா, தோற்பவன் இருப்பானா? அதைச் சொல்லவில்லை. கேட்கலாமே என்பீர்கள். கேட்டால் கன்னத்தில் விழும். யார் கேட்பது?

லயம் முழுக்க, தொழிலாளர் வீட்டு வரிசை முழுக்க, அதே பேச்சு. மருதையின் மனைவி லெட்சுமிக்கு எட்டு மாதம். அந்தோணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேரும் என்னிடம் வந்து நின்றார்கள்.

"கெராணி, நாங்க அடிக்கணுமா, அடி வாங்கணுமா? அத மட்டும் சொல்லுங்க" என்றான் அந்தோணி.

எனக்கென்ன தெரியும்? ஆனால் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த மூளை ஒரே வழியில்தான் ஓடும். துரை காலத்தில் நன்றாக வெட்டுபவனை வைத்துக்கொள்வார்கள். முடியாதவனை வெளியே அனுப்புவார்கள். எந்தத் தோட்டத்திலும் அதுதான் வழக்கம். அப்படியானால் ஜெயித்தவன் இருப்பான், தோற்றவன் போவான். 'போய்ப் படுங்க, பார்க்கலாம்' என்று இரண்டு பேரையும் அனுப்பிவைத்தேன். மனதுக்குள் மட்டும் முடிவு செய்துவிட்டேன், மருதை ஜெயிக்க வேண்டும் என்று. பிள்ளை பிறக்கப் போகிற வீடு. அந்தோணியும் ஒரு தாய் பெற்ற பிள்ளை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. இன்று நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நாலு பாக்கு மரக் கம்பு நட்டுக் கயிறு கட்டினோம். சாக்கில் இலவம்பஞ்சு திணித்து கிளவுஸ். ஒரு கிழிந்த குடையின் துணியை வெட்டி எனக்கு 'போ'. மூன்று ரவுண்டு என்று பேச்சு.

முதல் ரவுண்டில் ஒரு அடிகூட விழவில்லை. எப்படி விழும்? ஜெயிக்கவும் பயம், தோற்கவும் பயம். இரண்டு பேரும் ரப்பர் மரத்தைச் சுற்றி வருகிற மாதிரி ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதிகாரி எழுந்து வந்தார். எனக்கு ஒரு அறை. ரெஃப்ரீயை அடித்து ஆரம்பித்த ஒரே பாக்ஸிங் மேட்ச் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அந்தோணி அடித்தான். பயத்தில் அடிப்பவனுக்கு அளவு தெரியாது. மருதையும் திருப்பிக் கொடுத்தான், ஆனால் ஒன்றுக்கு மூன்றாக வாங்கினான். மூன்றாவது ரவுண்டில் அந்தோணியின் வலது கை தாடையில் இறங்கியது. மருதை மல்லாந்து விழுந்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு டூரிங் சினிமாக்காரர் ஒருவர் எங்கள் தோட்டத்தில் ஒரு பாக்ஸிங் படம் காட்டியிருந்தார். கடைசி ரீல் இல்லை. ஹீரோ விழுகிறான், ரெஃப்ரீ குனிகிறார், ஹீரோ எழுந்து நிற்கிறான் — அவ்வளவுதான், வெறும் வெள்ளைத் துணி. ஜனங்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் பாக்ஸிங் சட்டம் அதுதான்: விழுந்து எழுந்தவன் ஜெயித்தவன். அதே படத்தைப் பட்டணத்துத் தியேட்டரில் முழுசாகப் பார்த்தவன் தோட்டத்திலேயே நான் ஒருவன்தான். கடைசி ரீலில் அந்த ஹீரோ மறுபடி விழுகிறான். ரெஃப்ரீ பத்து எண்ணுகிறார். ஹீரோ தோற்றுப்போகிறான்.

எழுந்தால் மட்டும் ஜெயித்ததாகாது என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

மருதையின் பக்கத்தில் குனிந்து எண்ண ஆரம்பித்தேன். "ஒன்னு..." என்று சொல்லிவிட்டு அவன் கண்ணைப் பார்த்தேன். திறக்கவில்லை. "ரெண்டு..." என்று இழுத்தேன். நாலு சொல்லிவிட்டு எச்சில் விழுங்கினேன். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில், கழன்று தொங்கிய 'போ'வை நிதானமாகச் சரிசெய்தேன். பெண்கள் கூட்டத்தில் லெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி பக்கத்தில் இருந்தவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கவனித்தாரா, கவனித்தும் விட்டுவிட்டாரா... இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. "ஒம்பது" என்று சொன்னபோது மருதை முட்டி போட்டு எழுந்துவிட்டான்.

ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். விழுந்தவன் எழுந்துவிட்டானே! நான் மருதையின் கையைப் பிடித்துத் தூக்கினேன். அந்தோணியும் வந்து அவனைக் கட்டிக்கொண்டான். அவனும் அந்தக் கடைசி ரீலைப் பார்க்காதவன்தானே.

அன்று சாயங்காலம் லெட்சுமி அவித்த கிழங்கைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள்.

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணே" என்றாள்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. அதிகாரி நேராக மருதையைக் காட்டினார். ரயில் பாதை போடுவதற்கு பலசாலிதானே வேண்டும்? நேற்று அவரே பலசாலியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். லாரி திரும்பும்போது மருதை என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நான் ஆபீஸுக்குள் போய் அழுதேன்.

நான் ஒழுங்காகப் பத்து எண்ணியிருந்தால் மருதை தோற்றிருப்பான், தோட்டத்திலேயே இருந்திருப்பான். யாரைக் காப்பாற்ற ஏமாற்றினேனோ அவனையே அனுப்பிவைத்தேன். ஆனால் அப்போது அந்தோணி போயிருப்பான். அவன் திரும்பி வந்திருப்பானா? இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குத் தலை சுற்றும். எத்தனை வருடமாக யோசித்தும் இதைத் தாண்டி நான் போனதில்லை.

கிடங்குக் காவலில் இருந்த அந்தோணி, தன் பங்கு அரிசியில் பாதியை லெட்சுமி வீட்டுக்குக் கொடுத்துவந்தான். செல்வி பிறந்ததும் பிழைத்ததும் அந்த அரிசியில்தான். ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு மருதை திரும்பி வந்தான் — எலும்பும் தோலுமாக, கணுக்காலில் ஆறாத புண்ணோடு. அவனைப் பார்த்துப் பயந்து செல்வி அந்தோணியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

அந்தோணி போன வருடம் இறந்துபோனான். கூலிமில் அடக்கம். சவப்பெட்டி பக்கத்தில் நின்றபடி ஒருவர், "நம்ம மருதை அண்ணன்கிட்ட அடி வாங்கின அந்தோணி" என்று பிரியமாகச் சொன்னார். அழுதுகொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கம் கெட்ட சிரிப்பு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மேலே ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். செல்வி தேத்தண்ணி போட உள்ளே போனதும் மருதை என் பக்கம் திரும்பினான்.

"கெராணி... இந்தப் படத்துல எல்லாம் விறுவிறுன்னு எண்ணுறானுங்க. அன்னைக்கு எனக்கு ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்ச மாதிரி இருந்துச்சே. எத்தன எண்ணின?"

"ஒம்பது."

"ஒம்பதுதானே?"

"ஒம்பதுதான்."

"அப்ப சரி."

தேத்தண்ணியோடு வந்த செல்வியிடம், "உங்கப்பன் நியாயமா ஜெயிச்சவன்லா. அதனாலதான் ஜப்பான்காரன் என்னைய லாரியில ஏத்தினான்" என்று காலை நீட்டிக் காட்டினான். அந்தத் தழும்பு அவனுக்கு மெடல். ஜெயித்ததை நான் பிடுங்கிவிட்டால் மிச்சமிருப்பது வெறும் சயாம்தான். பிடுங்காவிட்டால், தன் அரிசியைக் கொடுத்தவன் அடி வாங்கினவனாகவே மண்ணுக்குள் கிடப்பான். உண்மையைச் சொன்னால் மருதைக்கு இந்த வயதில் தாங்குமா? சொல்லாமல் தள்ளிப்போட எனக்குத்தான் இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

மருதைக்கு எழுத்து தெரியாத அளவுக்குக் கண் மங்கிவிட்டது. இந்தப் பத்தியை வாரா வாரம் செல்விதான் அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள். என்ன செய்யலாம் என்று நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். இப்போதும் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

செல்வி, இங்கே கொஞ்சம் நிறுத்து. அப்பா கையைப் பிடித்துக்கொள். பிறகு அடுத்த வரியைப் படி.

மருதை... ஜெயித்தவன் அந்தோணி.