கயிற்றில் கை வைத்தவனுக்குப் பங்கு

லைட்ஹவுஸ் குப்பத்தில் என் தம்பி குடும்பத்துக்கு மச்சு வீடு கட்டிக் கொடுத்தவன் நான். அந்தக் குடும்பத்தின் முதல் மீன்பிடி ஃபைபர் போட்டுக்கும் அதன் இன்ஜினுக்கும் பணம் போட்டவன் நான். மீன் ஏலம் விடுகிற இடத்தில் வெயிலுக்கும் மழைக்கும் கூரை போட்டவனும் நானே. மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. கப்பலில் சமையல் ஆளாகக் கிளம்பியவன், இன்று அமெரிக்காவில், நியூ ஜெர்சியில், சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. எதற்கு இதெல்லாம் என்றால், டிப்ஸைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறது என்று சொல்லத்தான். கோபமாகத்தான் பேசப் போகிறேன்.

இங்கே வருகிற நம் ஊர்க்காரர்களைத் திகைக்க வைப்பது, கல்லாவில் இருக்கும் ஒரு சின்னத் திரை. சாப்பிட்டு முடித்ததும் அதை அவர்கள் பக்கம் திருப்புவோம். டிப்ஸ் எவ்வளவு என்று அது கேட்கும். போன வாரம், மகனைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும் என் கடைக்கு வந்தார்கள். பரிமாறுகிற மரியா, தன் ஊர் ஸ்பானிஷ் நாக்கை வளைத்து 'ரசம், ரசம்' என்று கேட்டுக் கேட்டு ஊற்றினாள். பெரியவர் நன்றாகச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, 'டிப்ஸ் வேண்டாம்' என்ற கட்டத்தை அமுக்கிவிட்டு நடந்தார். நான் கார் நிற்கிற இடம் வரைக்கும் பின்னாலேயே போனேன்.

"சார், அந்தப் பொண்ணுக்கு எதனா வச்சிட்டுப் போங்க."

"பில்லுதான் கட்டிட்டேனே. சம்பளம் நீங்கதானய்யா குடுக்கணும்?"

"குடுக்கறேன் சார். இங்க பழக்கம் அப்டி."

"லஞ்சம் மாதிரி இருக்குய்யா. நான் சர்வீஸ்ல இருந்தப்ப அடுத்தவன் காசுல ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல."

"வாங்கறத பத்தி யாரு சார் கேட்டாங்க? குடுக்கத்தானே சொல்றேன்!"

அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவரு குடுத்தும் பழக்கம் இல்லீங்க" என்று கைப்பையைத் திறந்து, உள்ளே போய் மரியாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். உட்காரவைத்துப் பரிமாறுகிற கடை என்றால் பில்லில் ஐந்தில் ஒரு பங்கு வையுங்கள். ஓட்டல் அறையைச் சுத்தம் செய்கிறவர்களை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். அவர்களுக்கும் மேசை மேல் வைத்துவிட்டு வாருங்கள். பையில் கனக்கிற சில்லறையைக் கொட்டிவிட்டு வராதீர்கள். அது பிச்சையும் இல்லை, லஞ்சமும் இல்லை. பங்கு.

பங்கு என்றால் என்னவென்று எனக்கு எந்த அமெரிக்காக்காரனும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் குப்பத்தில் போட்டு கரையேறும்போது கயிற்றில் யார் கை வைத்தாலும், அவன் வேண்டியவனா வேண்டாதவனா என்று பார்க்காமல், கறிக்கு ஒரு கை மீன் போட்டுவிட வேண்டும். வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. கையைக் குவித்து நின்றால் போதும். கேட்கவைக்கிற போட்டுக்காரனைப் பெண்கள் கரையிலேயே நாறடித்துவிடுவார்கள்.

அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே முதல் வேலையில் சேர்ந்தேன். பெரிய ரெஸ்டாரண்ட், பாத்திரம் கழுவுகிற வேலை. மதியக் கூட்டம் கலைந்ததும், பரிமாறுகிறவர்கள் ஒரு கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து டிப்ஸைப் பிரித்துக்கொள்வார்கள். தட்டைக் கழுவியது நான்தானே? நானும் போய்க் கையைக் குவித்து நின்றேன். பிரித்து முடித்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரித்து, "ஓ, தேங்க்யூ" என்று காலி ஜாடியை என் கையில் வைத்தாள். ஜாடியைக் கழுவத்தான் வந்து நிற்கிறேன் என்று நினைத்துவிட்டாள். கழுவினேன். நான் தேய்த்த வேகத்துக்கு அது உடையாமல் இருந்ததே பெரிய விஷயம்.

சொந்தக் கடை போட்ட அன்றே சொல்லிவிட்டேன்: இங்கே பரிமாறுகிறவளுக்கும் பங்கு, அடுப்படியில் வேகிறவனுக்கும் பங்கு, பாத்திரம் கழுவுகிறவனுக்கும் பங்கு. கூலியை முழுசாகக் கொடுத்துவிடுவேன். முதலாளி என்று டிப்ஸில் நான் கை வைக்க மாட்டேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். என் கடையில் ஆட்கள் நிலைத்து நிற்பதைப் பார்த்த பிறகு, அவர்களிலும் சிலர் தங்கள் கடையில் அதே முறையை வைத்தார்கள். யாரிடம் கற்றார்கள் என்று ஒருவனும் சொல்வதில்லை.

அவர்கள் அந்நியர்கள். போகட்டும். இந்தத் தை மாதம் ஊருக்குப் போனபோது என் சொந்தக் கரையில் நடந்ததை எங்கே போய்ச் சொல்ல?

தம்பி மகன் செல்வத்தின் போட்டு கரைக்கு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் கயிற்றைப் பிடித்தேன். சும்மா தொட்டுக்கொண்டு நிற்கவில்லை. உள்ளங்கை கன்றிப்போகும்வரை இழுத்தேன். போட்டு ஏறியது. செல்வம் காரப்பொடி என்கிற பொடிமீனை அள்ளி, இழுத்தவர்கள் கையில் வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தான். என் முறை வந்தது. கையைக் குவித்தேன்.

"இன்னா பெரிப்பா, நீ போயி கை ஏந்திக்கினு? டேய், பெரிப்பாவுக்கு சேர் போடுங்கடா!"

"சேர் வேணாண்டா. கறிக்கு மீன் போடு."

"வஞ்சிரம் எட்த்து வச்சிக்கிறேன், வூட்டுக்கு வரும். இத்த துன்னுவியா நீ? முள்ளு குத்திக்கும்."

"அமெரிக்கால மீனுக்கு முள்ளே கெடயாதாம்பா!" என்றான் பின்னால் ஒருத்தன். கரையே சிரித்தது.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. எங்கள் ஊர் ஏரியில் பூநாரை பார்க்கச் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் போடுகிற அதே நாற்காலி. தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். நாற்காலி கொண்டுவந்தவன் நகராமல் தலையைச் சொறிந்தான்.

"பையன் சேர் போட்டான் இல்ல," என்றான் செல்வம், "எதனா பாத்து குடு பெரிப்பா."

"எவன்டா சேர் கேட்டான்?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே இருக்கும்போது கை தானாகப் பர்ஸுக்குப் போய்விட்டது. இத்தனை வருஷத்து அமெரிக்கப் பழக்கம். எடுத்துக் கொடுத்தேன். சொந்தக் கரையில், என் காசில் வந்த போட்டை இழுத்துவிட்டு, சுற்றிப் பார்க்க வந்தவனைப் போல டிப்ஸ் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஈர மணலில் நாற்காலியின் கால்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒரு கையில் கயிறு கன்றிய தடம். இன்னொரு கையில் பர்ஸ்.

வஞ்சிரம் சொன்னபடி வீட்டுக்கு வந்தது. நான் தொடவில்லை. அது விருந்தாளிக்குப் போடுகிற மீன்.

செல்வம், இதை நீ படிக்க வேண்டும். படிக்க நேரமில்லை என்றால் யாராவது படித்துக் காட்டட்டும். வீட்டையும் போட்டையும் கூரையையும் பற்றி நீங்கள் பேசாவிட்டால் போகட்டும். இல்லை, போகக் கூடாது, அதையும் பேசுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. அன்றைக்கு அந்தப் போட்டு கரையேறியதில் என் இழுப்பும் இருக்கிறது. அடுத்த தடவை வருவேன், கயிற்றைப் பிடிப்பேன். நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, 'பெரிப்பாவும் இழுத்தாரு' என்று எல்லார் காதிலும் விழச் சொல்லி, எனக்குச் சேரவேண்டிய காரப்பொடியை என் கையில் போடு.