இடக்கைக் கிடாரும் ஐயம்பேட்டைத் துப்பட்டாவும்

காலை 7.10க்கு வேலூரில் பஸ் ஏறினேன். காஞ்சிபுரம் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். கோயிலுக்கா, கல்யாணப் புடவைக்கா என்று பக்கத்து சீட்டு அம்மாள் கேட்டார். ஒரு ராக் குழுவுக்காகப் போகிறேன் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இங்கிலாந்துக் குழு, நான்கு பேர். பதிமூன்று வயதில் மாமா வீட்டில் அவர்களுடைய இசைத்தட்டைப் பார்த்தேன். உறைப் படத்தில் ஒருவர் இடது கையால் கிடார் மீட்டிக்கொண்டிருந்தார். இடது கையால் எழுதியதற்காக வாத்தியார் என் விரல்களை ஸ்கேலால் அடித்து வீங்க வைத்திருந்த வாரம் அது. பாட்டைக் கேட்பதற்கு முன்பே நான் அவர் கட்சி. நாற்பத்தேழு வருஷமாக அதே கட்சிதான். எழுத்து மட்டும் வலது கைக்குப் போய்விட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் எனக்குப் பணி ஓய்வு விழா. அன்று போட்டுக்கொள்ள, அந்த உறைப் படத்தை ஒரு முனையில் நெய்த பட்டுத் துப்பட்டாவுக்குக் காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளரிடம் சொல்லியிருந்தேன். படத்தைக் கைபேசியில் அனுப்பியிருந்தேன். விலை 9,500 ரூபாய்.

9.20க்குக் காஞ்சிபுரம். பஸ் நிலையத்தருகே இட்லியும் காபியும் 65 ரூபாய். அதைக் காபி என்று விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய் கொடுத்து ஐயம்பேட்டை போய்ச் சேர்ந்தேன்.

நெசவாளர் ஏகாம்பரம் துப்பட்டாவை விரித்தார். அரக்குச் சிவப்பில் சரிகை மின்னியது. நான்கு பேரும் இருந்தார்கள். என் ஆள் வலது கையால் மீட்டிக்கொண்டிருந்தார்.

யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று கத்தினேன். ஏகாம்பரம் பதறவே இல்லை.

“பழைய புடவையோட உள்பக்கத்தப் போட்டோ புடிச்சு அனுப்புவாங்கம்மா. சரஸ்வதி இடது கையால வீணை மீட்டிக்கினு இருந்தா, படம் திரும்பியிருக்குதுன்னு நாங்களே நேராக்கிடுவோம். இதையும் அப்படித்தான் நேராக்கினோம்.”

வாத்தியாரும் என்னை நேராக்கத்தான் செய்தார். இந்தக் கிடார்க்காரர் பிறவியிலேயே இடது கைக்காரர், உலகத்துக்கே தெரியும் என்றேன். ஐயம்பேட்டைக்குத் தெரியாதே என்றார். மறுபடி நெய்யப் பன்னிரண்டு நாள் ஆகுமாம். விலையில் பாதியைக் குறைப்பதாகச் சொன்னார்.

“எனக்கு அந்தக் கைதான் வேணும்,” என்றேன். அறுபது வயதில் அடுத்தவர் வீட்டில் நின்று அழுதேன். வெட்கமாக இருந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி தேவகி துப்பட்டாவை எடுத்துப் புரட்டிப் போட்டார். உள்பக்கம் இழைகள் பிசிறு பிசிறாக நின்றன, சரிகை மங்கலாகத் தெரிந்தது. ஆனால் கிடார் இடது கைக்கு வந்திருந்தது.

இந்தப் பக்கத்தை யாராவது வெளியே காட்டுவார்களா, எங்கள் வேலைக்கல்லவா கெட்ட பெயர் என்று இப்போது ஏகாம்பரத்துக்குக் கோபம். முழு விலையையும் கொடுத்துவிட்டு, அதை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

12.40க்கு வேலூர் பஸ். பின்சீட்டுப் பெண் என் தோளைத் தட்டினாள்.

“ஆன்ட்டி, துப்பட்டாவ உள்பக்கம் வெளிய தெரியிற மாதிரி போட்டுக்கினு இருக்கீங்க.”

இதுதான் நேர்ப்பக்கம் என்றேன்.