வீரையன் பார்த்த பல்

மாட்டின் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தால் வீரையனுக்கு வயது தெரிந்துவிடும். நீடாமங்கலம் பக்கம் மாடு வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். கூலிக்காகவும் குடிமனைக்காகவும் இரண்டு முறை சிறைக்குப் போனவர். அவர் சொன்னால் தப்பாது என்று ஊர் நம்பியது. அவரும் நம்பிக்கொண்டார், அதுதான் வினை.

போராடி வாங்கிய மேட்டு மனைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் ஏறாது. வீரையன்தான் மனுவுக்கு மேல் மனு கொடுத்து ஆழ்குழாய்க் கிணறு கொண்டுவந்தார். ஆளும் மாடும் அதைத்தான் குடித்தன.

எண்பத்திரண்டில் அதே மனைகளில் குடியிருந்த ராசம்மாள் தன் பசுவைச் சந்தைக்கு ஓட்டிப் போனாள். ஆறு வயது என்றாள். அது பிறந்த வருஷம் வீரையன் சிறையில் இருந்தார். வாங்க வந்தவர் கேட்டுக்கொள்ள, வீரையன் பசுவின் உதட்டை விலக்கினார். பற்கள் பழுப்பேறி ஈறுவரை தேய்ந்திருந்தன.

“பன்னெண்டு வயசுக்குக் குறையாது.”

“எங்க கொட்டாயில பொறந்துதுண்ணே.”

“பொய் சொல்லி விக்காத ராசம்மா. சங்கத்துக்கே அசிங்கம்.”

சந்தையே திரும்பிப் பார்த்தது. உண்மை தெரிந்த அக்கம்பக்கத்தார் நாலு பேரும் அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லவில்லை. பசு அடிமாடாகப் போனது. பிறகொரு வரப்புத் தகராறுப் பஞ்சாயத்தில் ராசம்மாள் சாட்சி சொல்ல எழுந்தபோது, மாட்டு வயதையே மறைத்தவள்தானே என்று உட்காரவைத்துவிட்டார்கள். வீரையனும் அங்கே இருந்தார்.

மூன்று வருஷம் கழித்து, அவர் கொட்டகையிலேயே பிறந்த பசு தலைச்சன் ஈன்று பால் வற்றிப்போய், கால் ஊன்ற முடியாமல் நின்றது. வந்த மாட்டு டாக்டர் பசுவின் வாயைத் திறந்து காட்டினார். அதே பழுப்பு, அதே தேய்மானம்.

“என்னங்க வயசு?”

“நாலு,” என்றார் வீரையன்.

“குழாய்த் தண்ணியில ஃப்ளோரைடு இருக்கும்போலருக்கு. கன்னுலேருந்து குடிச்சா பல்லு இப்படித்தான் தேயும். எலும்புலயும் ஏறிடும். தண்ணிய டெஸ்டுக்கு அனுப்புங்க.”

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. நேரே ராசம்மாள் வீட்டுக் கொல்லைக்குப் போனார். அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள்.

“ராசம்மா, ஒம் மாட்டுக்கு ஆறு வயசுதான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“அது எனக்குத் தெரியும்ண்ணே.” அவள் வேலிப்பக்கம் பார்த்தாள். “அன்னிக்குச் சந்தைக்கே கேக்கறாப்புல சொன்னீங்க. இப்ப அவங்க ரெண்டு பேருக்குக்கூடக் கேக்காம சொல்றீங்க.”

அவர்களைக் கண்டதும் தன் குரல் தானாகத் தாழ்ந்தது வீரையனுக்கு அப்போதுதான் உறைத்தது.