புழுத்த அடைகள்

ஆம்பூர்த் தோல் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரனும் நானும் ஆளுக்கொரு தேன்பெட்டி வைத்திருந்தோம். அவன் பெட்டியில் தேனடையைத் தின்னும் மெழுகுப்புழு விழுந்து ஈக்கள் ஓடிப்போயின. புழுத்த அடைகளை எரித்துவிட்டதாகச் சொன்னான், நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து என் பெட்டியைத் திறந்தால் ஈ ஒன்றுகூட இல்லை. உள்ளே புழுதான் நெளிந்தது. ஓரத்தில் நான் வைக்காத இரண்டு அடைகள்.

அவன் வாசலில் போய்க் கத்தினேன்.

"எரிக்க மனசு வர்ல தோஸ்த். உன்கிட்ட ஈ ஜாஸ்தி, புழுவ அதுங்களே இழுத்துப் போட்டுடும்னு நெனச்சேன்."

நான் ஷிப்டுக்குப் போன நேரம் பார்த்து அந்த அடைகளை என் பெட்டிக்குள் வைத்திருக்கிறான், படுபாவி.

அவனுக்குப் பின்னால், கழுவிக் காயவைத்த அவன் பெட்டிக்குள் என் ஈக்கள் போய்வந்துகொண்டிருந்தன.

"அதுங்களா வந்தா நான் இன்னா பண்றது?"

ஈக்களை எப்படித் திட்டுவது? புழு இல்லாத பெட்டி அவனிடம்தானே இருந்தது.