வளர்மதி அக்காவின் புகையடுப்பு

டெக்சாஸில் நாங்கள் குடியேறிய முதல் வாரம், வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெரியவர், நாளை முழுக்க ஸ்மோக் பண்ணப் போவதாகச் சொல்லி என்னையும் கூப்பிட்டார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று பணிவாக மறுத்தேன். மறுநாள்தான் புரிந்தது, அவர் சொன்னது சிகரெட்டை அல்ல. இரும்புப் பெட்டியின் பக்கத்தில் விறகை எரித்து, அந்தப் புகையிலும் சூட்டிலும் நாள் முழுக்க இறைச்சியை வேகவைப்பதை. குழம்பு கொதித்து இறங்கும்வரை பசி பொறுக்காத நான், அவரிடம் அதைப் பழகிக்கொண்டேன். கொஞ்சம் பெருமையும் சேர்ந்துவிட்டது.

இந்த முறை திருவண்ணாமலைக்கு வந்தபோது அந்தப் பெருமைதான் என்னை மாட்டிவிட்டது. தங்கை சுமதியின் இரண்டாவது மகளுக்குக் காதுகுத்து. மூத்தவளின் காதுகுத்துக்கு, தாய்மாமனான நான் விசா சிக்கலில் வர முடியாமல் போனது. வேறு யாரோ மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். அதன்பிறகு சுமதி போனில் பேசுவாள். ஆனால் என்னிடம் எதையும் கேட்கமாட்டாள். அதைச் சரிசெய்யத்தான், "விருந்துக்குக் கறி என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

வேங்கிக்காலில் அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வளர்மதி அக்காவின் பட்டறை. கேட், கிரில் செய்பவர். நான் வரைந்து கொடுத்தபடியே பழைய டிரம் ஒன்றைப் படுக்கவைத்து, ஒரு முனையில் நெருப்புப் பெட்டியும் மறுமுனையில் புகைபோக்கியும் வெல்டிங் வைத்துத் தந்தார். விருந்துக்கு மூன்று நாள் முன்பு கோழி வைத்துப் பார்த்தேன். நெருப்புப் பக்கம் கரி. புகைபோக்கிப் பக்கம் எலும்போரம் ரத்தம். சுமதி ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "பிரியாணி மாஸ்டருக்குச் சொல்லிடட்டா அண்ணா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் வலித்தது.

மறுநாள் காலை வளர்மதி அக்கா வந்தார். நான் தெர்மாமீட்டரை நீட்டினேன்.

"இது ஒரு எடத்து சூட்டத்தான் சொல்லும். ஒரு பாக்கெட் அப்பளம் குடுங்க சார்."

கம்பி வலையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அப்பளங்களை வரிசையாக அடுக்கி மூடினார். சற்று நேரத்தில் திறந்தால் முதல் இரண்டு கருகியிருந்தன. கடைசி மூன்றும் வைத்தபடியே கிடந்தன.

"பாத்தீங்களா? இங்க ஜாஸ்தி, அங்க கம்மி. சூடு உள்ள வந்ததும் மேல ஏறி, நேரா புகைபோக்கிக்கு ஓடிடுது."

ஒரு தகட்டை வெட்டி, நெருப்பு நுழையும் வாயில் கீழ்நோக்கிச் சாய்த்து, வலைக்கு அடியில் நீளமாகப் போகும்படி பொருத்தினார். தகட்டில் நெருப்புப் பக்கம் சின்ன ஓட்டைகள். போகப் போகப் பெரியவை. புகைபோக்கிக்கு உள்பக்கமாக ஒரு குழாயை இறக்கி, அதன் வாயை வலை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். மறுபடி அப்பளம். இப்போது நடுவில் கருகியது. முகம் சுளிக்காமல் அங்கே இரண்டு ஓட்டைகளை அடைத்தார். மூன்றாம் முறை எல்லா அப்பளமும் ஒரே நிறம்.

"எங்க கத்துக்கிட்டீங்க அக்கா?"

"மண்டபத்துக்கு இட்லிப் பெட்டி செஞ்சு குடுத்தேன். ஒரு மூலை வேகவே இல்ல. அதுல மூணு நாள் மண்டைய ஒடைச்சிக்கினேன். அங்க ஆவி, இங்க புகை, அவ்ளோதான்."

விருந்தன்று அவருக்கு முதல் இலை போடச் சொன்னேன். சிரித்தார். "நான் கவுச்சி சாப்புடறதில்ல சார். எனக்கு ரசம் போதும்." தான் ருசியே பார்க்கப்போகாத ஒன்றுக்காக ஒரு பகல் முழுக்க அந்தச் சூட்டில் நின்றிருக்கிறார். இத்தனை வருடத்தில் நான் பார்த்த எந்த இன்ஜினியரும் என் கண்ணில் இவ்வளவு உயர்ந்ததில்லை.

சுமதி டிரம்மின் இந்த முனையிலிருந்து ஒரு துண்டு, அந்த முனையிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். "ரெண்டும் ஒண்ணாத்தான் வெந்திருக்கு" என்றாள். பிறகு, வெகுகாலம் கழித்து, என்னிடம் ஒன்று கேட்டாள். "அண்ணா, பாப்பாவ கொஞ்சம் வெச்சிக்கிறியா? நான் பந்திய பாக்கணும்."

காலையில் என் மடியில் அழுது ஓய்ந்த குழந்தை தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. கை கழுவ வந்த உறவுக்காரர் ஒருவர், "ஊருக்கு எப்ப தம்பி?" என்றார்.

"புதன்கிழமை ஃப்ளைட்" என்றேன், யோசிக்காமலே. எந்த ஊரை அவர் ஊர் என்றார், எதை நான் ஊர் என்று ஒப்புக்கொண்டேன் என்பது அவர் நகர்ந்தபின்தான் உறைத்தது. குழந்தை, தூக்கத்திலேயே, என் சட்டைக் காலரை இறுகப் பிடித்திருந்தது.